மணமக்கள் வராத வரவேற்பு!

மண்டபத்தில் விளக்குகள் எரிந்தன. மேடையைப் பூவால் ஜோடித்திருந்தார்கள். உறவினர்கள் வந்துவிட்டார்கள். விருந்தும் தயார். மேடையில் இருக்கவேண்டிய இரண்டு பேர் மட்டும் வரவில்லை. அவர்கள்தான் மணமகனும் மணமகளும்!

இது கட்டுக்கதை அல்ல. 2025-ம் ஆண்டு டிசம்பர் 3-ந் தேதி, கர்நாடக மாநிலத்தில் உள்ள ஹூப்ளி நகரில் நடந்தது.

மணமகள் ஹூப்ளிப் பெண். மணமகன் ஒடிசாக்காரர். இருவரும் பெங்களூரில் வேலை பார்க்கும் என்ஜினீயர்கள். கல்யாணம் சில நாட்களுக்கு முன்பே புவனேசுவரம் நகரில் முடிந்துவிட்டது. பெண் வீட்டார் ஊரில் வரவேற்பு. அதற்கு வருவதற்காக முதல் நாளே விமான டிக்கெட் வாங்கியிருந்தார்கள். விமானம் புறப்படவில்லை. "தாமதம், தாமதம்" என்றே பொழுது போயிற்று. கடைசியில், "விமானம் ரத்து" என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த வாரம் நாடு முழுவதும் இதே கதைதான். விமானிகளின் ஓய்வு நேரம் பற்றிப் புதிய விதிகள் வந்திருந்தன. அதற்கு ஏற்ற எண்ணிக்கையில் விமானிகள் இல்லாமல் ஒரு பெரிய விமான நிறுவனம் திண்டாடியது. ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின.

பெண்ணைப் பெற்றவர்கள் என்ன செய்வார்கள்? அழைத்தவர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மணமக்களுக்குப் போட்ட ஆசனத்தில் பெற்றோரே அமர்ந்தார்கள். மணமக்கள் புவனேசுவரத்தில் இருந்தபடியே அலங்காரம் செய்துகொண்டு வீடியோவில் தோன்றினார்கள். விருந்தினர்கள் திரையைப் பார்த்து வாழ்த்தினார்கள்.

அச்சு முறிந்த காலம்

மாட்டுவண்டிக் காலத்திலும் இப்படி நடந்தது உண்டு. வழியில் அச்சு முறியும். ஆற்றில் வெள்ளம் வரும். மாப்பிள்ளை வீட்டார் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்வார்கள். ஆனால் அன்று மண்டபத்துக்கு லட்சக்கணக்கில் முன்பணம் கிடையாது. வீட்டு வாசலில் பந்தல். ஊரார் சமையல். ஒரு நாள் தள்ளினாலும் குடும்பம் கடனில் மூழ்காது.

இன்று அப்படி இல்லை. மாமல்லபுரத்துக் கடற்கரையில் கல்யாணம். கோவாவில் கல்யாணம். ராஜஸ்தானில் உள்ள உதய்ப்பூர் அரண்மனையில் கல்யாணம். கொஞ்சம் வசதி இருந்தால் கடல் கடந்து தாய்லாந்து, பாலித் தீவு என்றும் போகிறார்கள். இது பணக்காரர் வீட்டு ஆடம்பரம் மட்டும் என்று நினைக்கவேண்டாம். இருபது ஆண்டுச் சேமிப்பை இதில் போடும் நடுத்தரக் குடும்பங்களும் இருக்கின்றன. ஓட்டலுக்கு முன்பணம், சமையலுக்கு முன்பணம், பூவுக்கு முன்பணம், நூறு பேருக்கு விமான டிக்கெட்! ஒரு புயல் வந்தால் எல்லாம் ஒரே நாளில் போய்விடும்.

"அதற்குத்தான் இன்சூரன்சு இருக்கிறதே!" என்று சிலர் தைரியமாக இருக்கிறார்கள். இருக்கிறது. ஆனால் அது எதற்குப் பணம் தரும், எதற்குத் தராது என்பதைப் பாலிசி வாங்கும்போது பலர் படிப்பதே இல்லை.

இரண்டும் வேறு

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளவேண்டும். பயண இன்சூரன்சு வேறு. கல்யாண இன்சூரன்சு வேறு.

பயண இன்சூரன்சு, பயணம் போகும் ஆளுக்கு. அவருக்கு வெளியூரில் நோய் வந்தால் ஆஸ்பத்திரிச் செலவு, பெட்டி தொலைந்தால் ஒரு தொகை, விமானம் பல மணி நேரம் பிந்தினால் ஒரு தொகை, தக்க காரணத்தால் பயணமே நின்றுபோனால் டிக்கெட் செலவு என்று தரும். மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

கல்யாண இன்சூரன்சு, கல்யாணத்தை நடத்துகிறவருக்கு. தீ விபத்து, வெள்ளம், பூகம்பம், மணமக்களுக்கோ நெருங்கிய ரத்த உறவினருக்கோ சாவு அல்லது பெரிய விபத்து போன்ற காரணங்களால் கல்யாணம் நின்றாலோ தள்ளிப்போனாலோ, கொடுத்த முன்பணத்துக்கு ஈடு தரும். இந்தியாவிலும் இப்படிப்பட்ட பாலிசிகள் விற்கப்படுகின்றன. வெளிநாட்டில் நடக்கும் கல்யாணத்துக்கும் அது செல்லுமா என்று வாங்கும்போதே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளவேண்டும்.

ஆகவே, நூறு பேருக்குப் பயண இன்சூரன்சு எடுத்துவிட்டு, "கல்யாணத்துக்கே இன்சூரன்சு எடுத்தாகிவிட்டது" என்று சொல்வது சரி அல்ல. மண்டபப் பணம் காப்பு இல்லாமல்தான் கிடக்கிறது.

புகைந்த மலை

இன்சூரன்சில் பெரிய விதி ஒன்று உண்டு. அதை விளக்கப் பாலித் தீவின் கதையே போதும்.

பாலித் தீவு இந்தோனேசியா நாட்டில் இருக்கிறது. அங்கே மக்கள் பெரும்பாலும் இந்துக்கள். தீவின் கிழக்குப் பகுதியில் ஆகுங் என்ற எரிமலை இருக்கிறது. உயரம் 3,000 மீட்டருக்கும் அதிகம். அதன் சரிவிலேதான் பெசாகி என்ற பெரிய கோவில் இருக்கிறது. 1963-ம் ஆண்டு இந்த மலை வெடித்தபோது ஆயிரம் பேருக்கு மேல் செத்தார்கள்.

பிறகு மலை தூங்கிவிட்டது. தீவு உல்லாசப் பயணிகளால் நிரம்பியது. ஆஸ்திரேலியாக்காரர்களும் இந்தியர்களும் கல்யாணத்துக்காகவே அங்கே போகத் தொடங்கினார்கள்.

2017-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஆகுங் மலை விழித்தது. அடியில் நிலம் அடிக்கடி அதிர்ந்தது. 22-ந் தேதி அரசாங்கம் உச்சகட்ட எச்சரிக்கை கொடுத்தது. மலையைச் சுற்றி இருந்தவர்களில் ஒரு லட்சம் பேருக்கு மேல் வீட்டை விட்டு வெளியேறினார்கள். ஆனால் மலை வெடிக்கவில்லை. அக்டோபர் கடைசியில் எச்சரிக்கையை ஒரு படி குறைத்தார்கள். "அப்பாடா" என்று பலர் டிக்கெட் வாங்கினார்கள். கூடவே இன்சூரன்சும் வாங்கினார்கள்.

நவம்பர் கடைசியில் மலை உண்மையாகவே கக்கியது. சாம்பல் மேகம் வானத்தை மூடியது. 27-ந் தேதி பாலி விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். அந்த ஒரு நாளில் மட்டும் 445 விமானங்கள் ரத்து. சுமார் 59,000 பயணிகள் தவித்தார்கள். சிலர் பஸ்சில் ஏறி, படகில் கடலைத் தாண்டி, பக்கத்துத் தீவில் உள்ள சுரபாயா நகருக்குப் போய் விமானம் பிடித்தார்கள். 29-ந் தேதிதான் நிலையம் திறந்தது.

இனி இன்சூரன்சு. ஆஸ்திரேலியக் கம்பெனிகள் பல செப்டம்பர் மாதமே ஒரு தேதியைக் குறித்துவிட்டன. "மலை புகைவது ஊருக்கே தெரிந்துவிட்டது. இந்தத் தேதிக்குப் பிறகு பாலிசி வாங்கினால், இந்த எரிமலையால் வரும் நஷ்டத்துக்குப் பணம் கிடையாது" என்பது அறிவிப்பு. முன்பே வாங்கியிருந்தவர் ரத்தான டிக்கெட்டுக்கும் தங்கும் செலவுக்கும் ஈடு கேட்க முடிந்தது. பின்னால் வாங்கியவர் கையைப் பிசைந்தார். இருவரும் ஒரே விமானத்துக்காகக் காத்திருந்தவர்களாகக்கூட இருந்திருக்கலாம்!

தெரியாத ஆபத்துக்குத்தான் இன்சூரன்சு. தெரிந்த ஆபத்துக்கு இல்லை. வானொலியில் புயல் செய்தி கேட்டபிறகு ஓடிப்போய்ப் பாலிசி வாங்கினால், அந்தப் புயலுக்கு அது உதவாது. ஆகவே கல்யாணத்துக்கு முதல் முன்பணம் கொடுக்கும் நாளே பாலிசி வாங்கும் நாள். பாலிக்குப் போகிறவர் பலர் கடைசி வாரத்தில்தான் பாலிசியை நினைக்கிறார்கள்.

சாம்பல் வானிலையா?

"கொஞ்சம் சாம்பலுக்காகவா விமானத்தை நிறுத்தவேண்டும்?" என்று கேட்கத் தோன்றும். எரிமலைச் சாம்பல் அடுப்புச் சாம்பல் அல்ல. அது பாறையும் கண்ணாடியும் பொடியான தூள். என்ஜின் சூட்டில் உருகி உள்ளே ஒட்டிக்கொள்ளும். மூச்சு அடைத்ததுபோல் என்ஜின் நின்றுவிடும்.

1982-ம் ஆண்டு ஜூன் 24-ந் தேதி இரவு அப்படித்தான் நடந்தது. கோலாலம்பூரில் இருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போன ஒரு பெரிய விமானம், ஜாவாத் தீவின் காலுங்குங் எரிமலைச் சாம்பலில் புகுந்தது. நான்கு என்ஜின்களும் நின்றன! விமானத்தில் 263 பேர். விமானம் சறுக்கிக்கொண்டே கீழே இறங்கியது. சாம்பலை விட்டு வெளியே வந்தபிறகு என்ஜின்கள் மறுபடி ஓடின. ஜகார்த்தா நகரில் பத்திரமாக இறங்கினார்கள். யாரும் சாகவில்லை.

2010-ம் ஆண்டு ஏப்ரலில் ஐஸ்லாந்து நாட்டு எரிமலை ஒன்று ஐரோப்பாவின் வானத்தையே சில நாட்கள் மூடியது. சுமார் ஒரு லட்சம் விமானப் பயணங்கள் ரத்தாயின. அப்போது இங்கிலாந்தில் ஒரு வேடிக்கையான சண்டை. "மோசமான வானிலையால் தாமதமானால் பணம் உண்டு" என்று பல பாலிசிகளில் இருந்தது. சாம்பல், வானிலையா இல்லையா? சில கம்பெனிகள் "ஆம்" என்று பணம் கொடுத்தன. சில "இல்லை" என்றன. ஒரு சொல்லில் ஒரு குடும்பத்தின் பணம் தொங்கியது.

மனம் மாறினால்?

கல்யாணம் நிற்பதற்குப் புயலும் எரிமலையும் மட்டுமா காரணம்? சீர்வரிசையில் தகராறு வரலாம். மாப்பிள்ளை மனம் மாறலாம். பெண் "எனக்கு இவர் வேண்டாம்" என்று சொல்லலாம். இதற்கெல்லாம் பொதுவாகக் கம்பெனிகள் பணம் தருவதில்லை. கம்பெனியைக் குறை சொல்லவும் முடியாது. அதற்கும் பணம் கொடுத்தால் கோபித்துக்கொள்கிற சம்பந்திகளின் எண்ணிக்கை பெருகிவிடும்!

உறவு விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. "நெருங்கிய உறவினர்" என்றால் யார் என்று பாலிசியில் பட்டியல் இருக்கும். தாய், தகப்பன், கணவன், மனைவி, பிள்ளைகள், உடன் பிறந்தவர்கள் இருப்பார்கள். தாய்மாமன் பெரும்பாலும் இருக்கமாட்டார். நம் ஊர்க் கல்யாணத்தில் தாய்மாமன் இல்லாமல் என்ன நடக்கும்? ஆனால் அவர் ஆஸ்பத்திரியில் படுத்ததால் கல்யாணத்தைத் தள்ளிவைத்தால், கம்பெனி அதைக் காரணமாக ஏற்காது.

தாத்தா பாட்டியை வெளிநாட்டுக்கு அழைத்துப்போகிறவர்கள் அவர்களுடைய பழைய நோய்களை மறைக்கக்கூடாது. சர்க்கரை நோய், இருதய நோய் இருந்தால் முதலிலேயே எழுதிக் கொடுக்கவேண்டும். மறைத்தால், அங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தபிறகு கம்பெனி கையை விரித்துவிடும். வெளிநாட்டு ஆஸ்பத்திரிச் செலவு கல்யாணச் செலவையே தாண்டிவிடலாம். மாப்பிள்ளையின் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை: லைசென்சு இல்லாமல் வாடகை ஸ்கூட்டர் ஓட்டி விழுந்தாலும், குடித்துவிட்டு விழுந்தாலும் பாலிசி உதவாது.

தாலி எங்கே?

பெட்டி தொலைவது சாதாரணமாக நடப்பதுதான். அந்தப் பெட்டியில் தாலியும் கூறைப்புடவையும் இருந்தால்?

பல பயணப் பாலிசிகள் நகைக்கும் ரொக்கத்துக்கும் ஈடு தருவதில்லை. விமானக் கம்பெனிகளும் விலை உயர்ந்த பொருளைப் பெட்டியில் வைக்கவேண்டாம் என்றே சொல்கின்றன. தாலி, முகூர்த்தப் புடவை, மாப்பிள்ளை வேட்டி ஆகியவை கைப்பையில் இருக்கவேண்டும். விமானத்தின் அடியில் போகும் பெட்டியில் அல்ல.

பெட்டி வராவிட்டால், விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே விமானக் கம்பெனியாரிடம் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கவேண்டும். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டால், பணம் கேட்பதற்கு ஆதாரம் இருக்காது.

மூன்று பென்சு டிக்கெட்

பயண இன்சூரன்சு புதிய சரக்கு அல்ல. 1849-ம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் ரெயில் டிக்கெட்டுடன் விற்றார்கள். முதல் வகுப்புப் பயணி மூன்று பென்சு கொடுக்கவேண்டும். ரெயில் விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு ஆயிரம் பவுன் கிடைக்கும்.

நம் நாட்டு ரெயிலிலும் 2016-ம் ஆண்டு முதல் இப்படி ஒரு திட்டம் உண்டு. இணையம் மூலம் டிக்கெட் வாங்கும்போது, ஒரு ரூபாய்க்கும் குறைவான தொகையில் எடுத்துக்கொள்ளலாம். ரெயில் விபத்தில் உயிர் போனால் 10 லட்சம் ரூபாய். வாரிசின் பெயரைப் பதிவு செய்ய மறக்கக்கூடாது. ஆனால் இது விபத்துக்கு மட்டும். ரெயில் பிந்தி முகூர்த்தம் தவறினால் ஒரு காசும் வராது.

காகிதம் பத்திரம்

விமானம் ரத்தானால், டிக்கெட் பணத்தை விமானக் கம்பெனியிடமே கேட்கவேண்டும். அல்லது வேறு விமானத்தில் இடம் கேட்கலாம். "ரத்து" என்று வந்த தகவலை அழித்துவிடக்கூடாது. மண்டப ரசீது, ஓட்டல் ரசீது, தேதி அச்சிட்ட கல்யாணப் பத்திரிகை எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். கம்பெனிக்கு உடனே தகவல் சொல்லவேண்டும். ஊர் திரும்பி, விருந்து எல்லாம் முடிந்து, ஒரு மாதம் கழித்துச் சொன்னால் சிக்கல்.

கம்பெனி மறுத்துவிட்டால் அத்துடன் விட்டுவிட வேண்டியதில்லை. முதலில் கம்பெனிக்கே புகார் எழுதவேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலும், இன்சூரன்சு குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையிலும் அந்த அலுவலகம் இருக்கிறது. ஒரு வருடத்துக்குள் போகவேண்டும். 50 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குகளை அவர் விசாரிப்பார். அவருடைய தீர்ப்புக்குக் கம்பெனி கட்டுப்படவேண்டும். புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வேண்டியதும் இல்லை. வைத்தாலும் உள்ளே விடமாட்டார்கள்!