சோழிக்கு மெருகு போட்டது யார்?

பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆனாலும் சௌக்காபாரா என்ற கட்ட விளையாட்டை ஆடும் வீடுகளில் சோழி உருளுகிறது. இரண்டு, மூன்று சென்டிமீட்டர்தான் இருக்கும். பாலிஷ் போட்டதுபோல் பளபளக்கும். கடலில் வளர்ந்த ஓட்டுக்கு ஏது இந்த வழவழப்பு?

மற்ற கடல் நத்தைகள் பலவற்றின் ஓட்டில் பாசியும் கொட்டலசும் ஒட்டி, வெளிப்புறம் சொரசொரத்துப் போகும். சோழி நத்தை அதற்கு இடமே கொடுப்பதில்லை. ஓட்டை உருவாக்கும் மேன்டில் என்ற சதைமடிப்பை, வாய்ப்பிளவின் இரு பக்கமும் வெளியே நீட்டி முதுகுவரை போர்த்திக்கொள்கிறது. வெளியிலிருந்தே சுண்ணாம்பைப் படலம் படலமாகப் பூசுகிறது. தொட்டால் அந்த மடிப்பை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இளம் சோழியைக் காட்டினால் சோழி என்றே நம்பமாட்டீர்கள்: சாதாரண நத்தையின் சுருள், மெல்லிய உதடு. பருவம் வந்ததும் உதடு உள்ளே மடிந்து தடிக்கிறது, இரு ஓரமும் பல்வரிசை எழும்புகிறது, சுருள் பூச்சுக்குள் புதைகிறது. அதன்பின் நீளம் கூடாது. ஓடு தடிப்பதோடு சரி. குறுகிய அந்த வாய்க்குள் நண்டு இடுக்கியை நுழைப்பது சிரமம்.

எளிதில் தேயாது, உடையாது. மாலத்தீவுச் சோழி வங்காளத்தில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை காசாகப் புழங்கியதில் வியப்பென்ன?