சிறு வளையம், பெரும் பொறுப்பு

கேமரன் மலையிலிருந்து தாப்பா நகருக்கு இறங்கும் பழைய சாலை வளைவுகள் நிறைந்தது. அந்த இறக்கத்தில் வரும் ஒரு மகிழுந்தின் எடை, பயணிகளோடு சேர்த்து ஒரு டன்னுக்கும் மேல் இருக்கும். ஒவ்வொரு வளைவுக்கும் முன்பு ஓட்டுநர் பிரேக் மிதியை அழுத்துகிறார். வாகனத்தின் வேகம் தணிகிறது. இவ்வளவு எடையை அடக்கும் பொறுப்பு, சக்கரத்திற்குப் பின்னால் மறைந்திருக்கும் ‘காலிபர்’ என்னும் சிறிய உலோகப் பகுதிக்கு உரியது. அந்தக் காலிபரோ தனக்குள் இருக்கும் ஒரு ரப்பர் வளையத்தை நம்பி இருக்கிறது. அந்த வளையம் என்ன செய்கிறது, அது ஏன் பழுதாகிறது, வீட்டிலேயே பின்சக்கரக் காலிபரை எவ்வாறு புதுப்பிக்கலாம் என்பவற்றை இனிக் காண்போம்.

மூடிய கலத்தில் உள்ள திரவத்தின் மீது ஓரிடத்தில் கொடுக்கப்படும் அழுத்தம், குறையாமல் எல்லாத் திசைகளிலும் பரவும். இவ்வுண்மையை 17ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் பிளேய்ஸ் பாஸ்கல் விளக்கினார். பிரேக் அமைப்பு இந்த விதியின்படியே இயங்குகிறது. எடுத்துக்காட்டாக, மிதியோடு இணைந்த சிறிய பிஸ்டனின் பரப்பளவு 3 சதுர சென்டிமீட்டர் என்று கொள்வோம். அதன்மீது 300 நியூட்டன் விசை செலுத்தப்பட்டால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 100 நியூட்டன் அழுத்தம் உண்டாகும். காலிபரில் உள்ள பிஸ்டனின் பரப்பளவு 12 சதுர சென்டிமீட்டராக இருந்தால், அங்கு 1,200 நியூட்டன் விசை கிடைக்கும். காலால் கொடுத்த விசை இவ்வாறு பன்மடங்காகப் பெருகுகிறது.

இங்கிலாந்தைச் சேர்ந்த பொறியாளர் பிரடெரிக் லான்செஸ்டர் 1902ஆம் ஆண்டிலேயே வட்டு பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். எனினும், அது பரவலாக அறியப்பட அரை நூற்றாண்டு ஆனது. 1953ஆம் ஆண்டு லீ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வட்டு பிரேக் பொருத்திய ஜாகுவார் மகிழுந்து வெற்றி பெற்றதும் உலகின் பார்வை இதன்பால் திரும்பியது. இதில், சக்கரத்தோடு சேர்ந்து ஓர் இரும்பு வட்டு சுழலும். மிதியை அழுத்தியதும் காலிபரின் பிஸ்டன் வெளியே வந்து, ‘பேட்’ எனப்படும் உராய்வுத் தகடுகளைக் கொண்டு அவ்வட்டை இருபுறமும் இறுகப் பற்றும்.

இங்குதான் ரப்பர் வளையத்தின் அருமை தெரிகிறது. அது காலிபரின் உட்சுவரில் உள்ள பள்ளத்தில் அமர்ந்து, பிஸ்டனைச் சுற்றி இறுகப் பிடித்திருக்கும். அதற்கு இரண்டு வேலைகள் உண்டு. முதலாவது, பிரேக் எண்ணெய் கசியாமல் காப்பது. இரண்டாவது, பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது. பிஸ்டன் வெளியே நகரும்போது வளையமும் சற்று வளைந்துகொடுக்கும். ஓட்டுநர் மிதியிலிருந்து காலை எடுத்ததும், வளையம் தன் பழைய வடிவுக்குத் திரும்பும்; அப்போது பிஸ்டனையும் மயிரிழை அளவு உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தச் சிறு இடைவெளியால்தான் சக்கரம் தடையின்றிச் சுழல்கிறது. சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமா?

காலப்போக்கில் இவ்வளையம் கடினமாகி வளைந்துகொடுக்கும் தன்மையை இழக்கிறது. பிஸ்டனை மூடியிருக்கும் தூசுறை கிழிந்தால் மழைநீரும் மணலும் உள்ளே நுழைந்து துருவை உண்டாக்குகின்றன. பிரேக் எண்ணெயும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. நம் நாட்டைப் போன்ற ஈரப்பதம் மிகுந்த நாட்டில் இதனை மறக்கலாகாது. ‘டாட் 4’ தரத்திலான புதிய எண்ணெய்க்குரிய குறைந்தபட்சக் கொதிநிலை 230 பாகை செல்சியஸ். அதில் 3.7 விழுக்காடு நீர் கலந்துவிட்டால், அது 155 பாகையாகக் குறைகிறது. மலை இறக்கத்தில் பிரேக் சூடேறி எண்ணெய் கொதித்தால் ஆவிக்குமிழ்கள் தோன்றும். குமிழ்கள் அழுந்திச் சுருங்குவதால் மிதி தரையைத் தொட்டாலும் வாகனம் நிற்காது.

பின்சக்கரக் காலிபர்கள் இறுகிவிடுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. பிரேக் போடும்போது வாகனத்தின் எடை முன்பக்கம் சாய்வதால், பின்பக்கக் காலிபர்களுக்கு வேலை குறைவு. அதிகம் அசையாத பாகத்தில் துரு எளிதில் பிடிக்கும். மேலும், பல மகிழுந்துகளில் கைப்பிரேக்கின் நெம்புகோலும் திருகு அமைப்பும் இக்காலிபரிலேயே அடங்கியுள்ளன. ஒரு சக்கரம் மட்டும் மிகையாகச் சூடாவது, தீய்ந்த வாடை வீசுவது, உராய்வுத் தகடுகளுள் ஒன்று மட்டும் விரைவாகத் தேய்வது, கைப்பிரேக் முழுமையாக விடுபடாமல் இருப்பது ஆகியவை இதன் அறிகுறிகளாகும்.

புதுப்பிக்கும் பணியில் முதலிடம் பாதுகாப்புக்கே. வாகனத்தைச் சமதரையில் நிறுத்த வேண்டும். பின்சக்கர வேலைக்காகக் கைப்பிரேக்கை விடுவிக்க வேண்டியிருப்பதால், முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைப்பது கட்டாயம். ஜாக்கியால் தூக்கிய பின், வாகனத்தை உறுதியான இரும்புத் தாங்கிகளின் மீது அமர்த்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்தல் உயிருக்கே ஆபத்து. பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அணிதல் நன்று. அந்த மகிழுந்தின் வகைக்கு உரிய புதுப்பிப்புப் பெட்டியை உதிரிப்பாகக் கடையில் முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். அதில் ரப்பர் வளையமும் தூசுறையும் இருக்கும். ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டுமே கழற்றினால், ஐயம் எழும்போது மறுபக்கத்தைப் பார்த்துத் தெளியலாம்.

கைப்பிரேக் கம்பியையும் எண்ணெய்க் குழாயையும் விடுவித்துக் காலிபரைக் கழற்ற வேண்டும். குழாயின் முனையை உடனே மூடிவிட்டால் எண்ணெய் ஒழுகாது, தூசும் புகாது. திருகு அமைப்புடைய பிஸ்டனைப் பிடுங்கக் கூடாது. அதற்குரிய கருவியால் சுழற்றித்தான் வெளியே எடுக்க வேண்டும். சுழற்றும் திசையை வாகனக் கையேடு காட்டும். பிஸ்டன் வெளிவந்ததும், பழைய வளையத்தை மரக்குச்சியால் நெம்பி எடுக்கலாம். கூரிய இரும்பைப் பயன்படுத்தினால் பள்ளத்தில் கீறல் விழுந்து, புதிய வளையமும் கசியக்கூடும்.

அடுத்து வருவது தூய்மைப் பணி. பாகங்களைப் பிரேக் துப்புரவுத் திரவத்தால் கழுவ வேண்டும். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் ரப்பரை உப்பச் செய்து கெடுக்கும். ஆகவே அவற்றைத் தவிர்க்க வேண்டும். வளையம் அமரும் பள்ளத்தில் துரு தங்கியிருந்தால், அது புதிய வளையத்தையும் பிஸ்டன்மீது நெருக்கும். ஆதலால், அப்பள்ளத்தைப் பொறுமையாகச் சுரண்டித் தூய்மைப்படுத்துதல் வேண்டும். பிஸ்டனின் பக்கவாட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். வளையம் உரசும் இடத்தில் குழியோ உரிந்த பூச்சோ இருந்தால் பிஸ்டனையே மாற்ற வேண்டும். குழி விழுந்த பிஸ்டனை உரசிப் பளபளப்பாக்குவது சிக்கனமாகத் தோன்றினும் பயன் தராது.

பின்னர், புதிய வளையத்தைத் தூய பிரேக் எண்ணெயில் தோய்த்து, முறுக்கு விழாமல் பள்ளத்தில் அமர்த்த வேண்டும். பிஸ்டனிலும் அதே எண்ணெயைத் தடவி, சாயாமல் நேராக உள்ளே செலுத்த வேண்டும். கையில் தடை தெரிந்தால், வலுக்கட்டாயமாகத் தள்ளாமல் வெளியே எடுத்து மறுபடியும் தொடங்குவதே முறை. தூசுறையின் விளிம்பு சரியாகப் பொருந்த வேண்டும். காலிபர் நகரும் ஊசிகளைத் துடைத்து, அவற்றுக்கு உரிய சிலிக்கோன் கிரீசைப் பூச வேண்டும். எண்ணெய்க் குழாயைப் பொருத்தும்போது செம்பு வளையங்களைப் புதிதாக மாற்றி, திருகுகளைக் கையேடு குறிக்கும் அளவுக்கு இறுக்க வேண்டும். மறுபக்கக் காலிபரையும் இவ்வாறே புதுப்பித்தால், இரு சக்கரங்களும் ஒரே அளவில் நிற்கும்.

குழாயைக் கழற்றியபோது உள்ளே சென்ற காற்றை வெளியேற்றும் வேலைக்கு இருவர் தேவை. ஒருவர் பிரேக் மிதியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் காலிபரின் மேற்புறத்தில் உள்ள காற்றுத் திருகைச் சற்றே தளர்த்துவார். எண்ணெயோடு குமிழ்களும் வெளிவரும். திருகை மூடிய பிறகே மிதியிலிருந்து காலை எடுக்க வேண்டும். இல்லையேல் காற்று மீண்டும் உள்ளே போய்விடும். குமிழ் வருவது நிற்கும் வரைக்கும் இதைத் திரும்பச் செய்து, கலத்தில் எண்ணெய் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வாகனத்தின் சாயத்தில் பிரேக் எண்ணெய் பட்டால் அது சாயத்தை அரிக்கும். உடனே நீரூற்றிக் கழுவ வேண்டும். பழைய எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாமல், கழிவு எண்ணெயைப் பெற்றுக்கொள்ளும் பட்டறையிடம் ஒப்படைக்க வேண்டும்.

வண்டியை நகர்த்துவதற்கு முன் மிதி உறுதியாகும்வரை பலமுறை அழுத்த வேண்டும். பின்பு எங்கும் கசிவு இல்லை என்பதையும் சக்கரம் தடையின்றிச் சுழல்கிறது என்பதையும் கைப்பிரேக் பிடித்து விடுகிறது என்பதையும் உறுதிப்படுத்த வேண்டும். ஆளில்லாத திடலில் மெதுவாக ஓட்டிப் பார்த்த பிறகே சாலைக்குச் செல்லலாம்.

பழைய காலிபரை வீசிவிட்டுப் புதியது வாங்குவது எளிது. ஆனால், பெரும்பாலும் கெட்டிருப்பது ஒரு வளையமும் ஓர் உறையும்தான். இரும்பு உடல் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். அதே வேளையில், பிரேக் என்பது முயன்று பார்த்துத் தவறிக் கற்கும் பகுதி அன்று. மாணவர் இதனைப் பயிற்சி பெற்ற ஒருவரின் கண்காணிப்பிலேயே செய்ய வேண்டும். மின்விசையால் இயங்கும் கைப்பிரேக் உள்ள மகிழுந்தாக இருந்தாலோ, காலிபரின் உட்சுவர் பழுதுபட்டிருந்தாலோ, பட்டறையை நாடுவதே அறிவுடைமை. செய்யத் தெரிந்ததைச் செம்மையாகச் செய்வதும், தெரியாத இடத்தில் நின்றுவிடுவதும் நல்ல கைவினைஞரின் இரு பண்புகளாகும். சாலையில் நம்மோடு செல்லும் அனைவரின் உயிரும் அவ்விரண்டையும் நம்பியே இருக்கிறது.