காலில் கோத்த நீர் சொல்லும் கதை

மாலையானால் கணுக்கால் வீங்கும். கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழும், நிரம்ப நேரமாகும். இரவில் படுத்தால் மூச்சு முட்டும். ஒரு தலையணை இரண்டாகும். கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்ட வீடுகளில் ‘நீர் கோத்துக்கிச்சு’ என்று இதைக் கடந்துவிடுவோரே அதிகம். ஆனால் இது இதயச் செயலிழப்பின் அறிகுறியாக இருக்கலாம்.

பெயர் அச்சுறுத்தினாலும் இதயம் நின்றுபோவதில்லை. இறைக்கும் வலு குறைகிறது. சிறுநீரகத்துக்கு ரத்தம் குறைய, உடல் வறண்டுவிட்டதாக எண்ணி அது உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது. பகலெல்லாம் காலில் தேங்கிய அந்த நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பி நுரையீரலை அழுத்துகிறது.

நோய் ஒன்றுதான், நோயாளிகள் ஊருக்கு ஊர் வேறு. மேலை நாடுகளில் இது பெரும்பாலும் எழுபதைக் கடந்தவர்களின் நோய். ஆசியாவில் 11 நாடுகளிலும் பகுதிகளிலும் நடந்த ‘ஏஷியன்-எச்எஃப்’ ஆய்வில் நோயாளிகளின் சராசரி வயது ஏறக்குறைய அறுபதுதான். தென்கிழக்காசியாவில் இன்னொரு வியப்பு: சிலருக்கு உடல் ஒல்லி, ஆனால் நீரிழிவும் சிறுநீரக நோயும் கூடவே இருக்கும்.

நம் தோட்டங்களுக்கு இது முக்கியமான செய்தி. 1917இல் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்ட தென்னமரம் தோட்டம் கோலசிலாங்கூர் வட்டாரத்தில்தான் இருக்கிறது. வெயிலில் குலை வெட்டி இறுகிய உடல்களைத் தலைமுறைகளாகப் பார்த்த கண்களுக்கு, மெலிந்தவருக்கும் சர்க்கரை வரும் என்பதை நம்புவது கடினம். ஆனால் 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியரிடையே அது இன்னும் அதிகம். இந்தியரின் இதயம் பற்றிய எச்சரிக்கையும் புதியதல்ல. பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவத் துறையின் முதல் டீனான டி.ஜே. தனராஜும் உடன் ஆய்வாளர்களும், சிங்கப்பூர்ச் சீனரைவிட இந்தியரை இதயத் தமனி நோய் பல மடங்கு தாக்குவதை 1959இலேயே எழுதினார்கள்.

இதயச் செயலிழப்பு நோயாளிகளைப் பற்றி மலேசியா உட்பட 16 நாடுகளில் நடந்த ‘இன்டர்-சிஎச்எஃப்’ ஆய்வு 2017இல் வெளியானது. ஓராண்டுக்குள் இறந்தவர்கள் ஆப்பிரிக்காவில் நூற்றுக்கு 34, இந்தியாவில் 23, தென்கிழக்காசியாவில் 15, சீனாவில் 7. வயதையும் நோயின் கடுமையையும் கணக்கில் கொண்ட பிறகும் இடைவெளி மறையவில்லை. மருந்து கிடைக்கிறதா, மருத்துவமனை எவ்வளவு தூரம், மாத்திரையை யாராவது நினைவூட்டுகிறார்களா என்பவையும் ஆயுளைத் தீர்மானிக்கின்றன என்றே எண்ணத் தோன்றுகிறது.

அதனால்தான் வீட்டிலேயே செய்யக்கூடியது பெரிதாகிறது. ரப்பர்த் தோட்டத்தில் அன்றன்றைய பாலை அன்றன்றே நிறுத்துக் கணக்கு வைத்தவர்கள் நாம். அதேபோல் இதயம் பலவீனமானவர் தினமும் காலையில் எடை பார்க்கட்டும். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதையல்ல, நீர். கால் வீங்கும்வரை காத்திராமல் அன்றே கிளினிக்குக்குப் போய்விட வேண்டும்.