கப்பு அடிக்கும் கதிர் திருடன்!

செமஸ்டருக்கு முந்தின ராத்திரி. ட்யூப் லைட்டைச் சுத்திக்கிட்டிருந்த பச்சைப் பூச்சி ஒண்ணு, தொப்புனு ரூம்மேட்டோட நோட்டு மேல விழுந்தது. பய யோசிக்கவே இல்லை... ஸ்கேலால ஒரே நசுக்கு! அடுத்த நிமிஷம் மொத்த ரூமும் வராண்டாவுல. அப்படி ஒரு கப்பு!

கேடயம் மாதிரி உடம்போட செத்துக் கிடந்த அந்த ஆசாமி பேரு, பச்சை நாவாய்ப்பூச்சி. கடிக்காது, கொட்டாது. நாத்தம்தான் அதோட ஒரே ஆயுதம்.

வளர்ந்த பூச்சிக்கு நெஞ்சுக்கு அடியில, கால்கள் ஆரம்பிக்கிற இடத்துக்குப் பக்கத்துல சுரப்பித் துவாரங்கள் இருக்கு. குஞ்சுகளுக்கு அதே சமாச்சாரம் முதுகுப் பக்கம். ஆபத்துன்னு தெரிஞ்சா உடனே திரவத்தைக் கக்கிடும். அதுல முக்கியமான சரக்கு ஆல்டிஹைடுகள். இதே வகை ஆல்டிஹைடுகள்தான் கொத்தமல்லித் தழைக்கும் வாசனை தருது. ரசத்துல மிதந்தா கமகம, பூச்சி கக்கினா உவ்வே!

ஹாஸ்டல்ல சிரிச்சுட்டுப் போயிடலாம். ஆனா, இதோட பங்காளி ஒருத்தன் இருக்கான்... அவன் வந்தா எங்க வீட்டுல யாரும் சிரிக்க மாட்டாங்க. கதிர் நாவாய்ப்பூச்சி! குடும்பம் வேற. ஆளு ஒல்லிப்பிச்சான், நீள நீளக் கால்கள். கப்பு மட்டும் அதே ரகம்.

நெல்லு பால் பிடிக்கிற நேரம்தான் இவனுக்கு விருந்து. ஊசி மாதிரி வாய்க்குள்ள ரெண்டு குழாய். ஒண்ணு வழியா எச்சில் இறங்கும், இன்னொண்ணு வழியா பால் ஏறும். மெக்கானிக்கல் படிக்கிற நானே அசந்துபோன டிசைன்! பால் போன நெல்லு பதராயிடும். தப்பிச்ச மணியிலயும் கறை விழும்.

போன மார்கழி லீவுக்கு ஊருக்குப் போனேன். தாத்தாவோட சம்பா வயல்ல பால் பருவம். வரப்புல கால் வைக்கும்போதே அந்த வாடை. “மருந்து அடிச்சுட வேண்டியதுதான் தம்பி”ன்னார் தாத்தா. அதுக்கு முந்தின வருஷமும் வாடை வந்ததுமே கடன் வாங்கி அடிச்சார். அப்படியும் கட்டுப்படியாகலை. எனக்கு ஃபீஸ் கட்ட அம்மாவோட வளையல் அடகுக்குப் போச்சு.

“எண்ணிப் பார்த்துட்டு அடிக்கலாம் தாத்தா”ன்னேன். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சொல்ற கணக்கு இது: பூக்கிற சமயத்துல 100 கதிருக்கு 5 பூச்சி, பால் பருவத்துலேர்ந்து மணி முத்துற வரைக்கும் 100 கதிருக்கு 16 பூச்சி. அந்த அளவைத் தொட்டாதான் மருந்து. வெயில் ஏறினா பூச்சி நிழல்ல பதுங்கிடும். அதனால விடிகாலையில ரெண்டு பேரும் இறங்கினோம். வயல்ல அங்கங்கே பார்த்து நூறு கதிர். தாத்தா விரல் விட்டு எண்ணினார், நான் செல்போன்ல குறிச்சேன். மொத்தம் ஒன்பது!

தாத்தா நம்பலை. மறுநாளும் எண்ணினோம். எட்டு. அப்புறம் மருந்துப் பேச்சையே எடுக்கலை. வரப்புப் புல்லை மட்டும் சுத்தமா செதுக்கினார். ஏன்னா, நெல்லு கதிர் விடாத காலத்துல இந்தப் பூச்சி புல்லுலதான் பொழைப்பு நடத்தும். மருந்து அடிச்சிருந்தா, பூச்சியைப் பிடிக்கிற சிலந்தி, அதோட முட்டையைத் தின்கிற நீளக்கொம்பு வெட்டுக்கிளின்னு நம்ம பக்கத்து ஆளுங்களும் சேர்ந்து செத்திருக்கும்.

அறுவடையில கொஞ்சம் பதர் இருக்கத்தான் செஞ்சுது. ஆனா மருந்துக்கடைக் கடன் இல்லை. பழைய வளையல் இன்னும் அடகுக்கடையிலதான் இருக்கு. புதுசா எதுவும் போகலை!

போன வாரம் தாத்தா போன் பண்ணினார். “தம்பி, பக்கத்து வயல்காரர் மருந்து அடிக்கணும்னார். எண்ணிப் பார்த்தியாய்யான்னு கேட்டேன்”னார். குரல்ல அப்படி ஒரு கெத்து!

அப்புறம் மக்களே, அடுத்த தடவை நோட்டு மேல பச்சைப் பூச்சி விழுந்தா நசுக்காதீங்க. ஒரு பேப்பர்ல ஏந்தி ஜன்னலுக்கு வெளியே விட்டுடுங்க. ரூம்மேட்டுங்க வாழ்த்துவாங்க!