மணக்கிற ஆவிக்குள் என்ன இருக்கிறது?

பீடி தெரியும், சிகரெட் தெரியும், வாயில் அடக்கும் புகையிலையும் தெரியும். இப்போது இன்னொன்று வந்திருக்கிறது. பார்க்கப் பேனா மாதிரி இருக்கும். சிலது தீப்பெட்டி அளவில் வழவழவென்று கலர் கலராக இருக்கும். வாயில் வைத்து உறிஞ்சினால் வெள்ளையாக ஆவி வரும். மாம்பழமோ புதினாவோ மணக்கும். இதற்கு இ-சிகரெட் என்று பெயர். இளவட்டங்கள் ‘வேப்’ என்பார்கள். ரிக் வண்டியோடு வடக்கே போய் மாதக்கணக்கில் கழித்துத் திரும்பும் திருச்செங்கோட்டு ஆட்களின் பையிலும், லாரி ஓட்டுகிறவர் பையிலும், வெளியூரில் படிக்கிற பையன் பையிலும் இது வீட்டுக்குள் வந்துவிடலாம்.

“பீடியை விட்டுட்டேன் புள்ள, இது வெறும் ஆவிதான்” என்பார் கணவர். “பீடி நாத்தம் போச்சுங்க, அதுவே பெரிய நிம்மதி” என்பார் மனைவி. “ஏனுங்க சார், இதுல நெருப்பே இல்லை, புகையும் இல்லை. அப்புறம் என்னங்க கெடுதல்?” என்று எங்களிடம் கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். பதில் சொல்ல வேண்டுமானால், அந்தக் குழலுக்குள் இருக்கும் திரவத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

குழலுக்குள் ஒரு பாட்டரி, ஒரு சுருள் கம்பி, கம்பிக்கு நடுவே பஞ்சுத் திரி. திரி திரவத்தை இழுக்கிறது, கம்பி சூடாகிறது, திரவம் மிக நுண்ணிய துளிகளாகக் கிளம்புகிறது. இட்லிப் பானையில் வருவது தண்ணீர் ஆவி. இது அப்படியல்ல. கைப்பம்பில் மருந்து அடிக்கும்போது பனி மாதிரி வருகிறதே, அந்த ஜாதி. பாட்டிலில் என்ன இருந்ததோ அது நுரையீரலின் அடி வரைக்கும் போகிறது.

திரவத்தில் பெரும்பகுதி இரண்டு பொருள்கள்: புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின். இரண்டும் இனிப்பானவை, குழகுழவென்று இருப்பவை. மருந்துகளிலும் முகப்பூச்சுகளிலும் சேர்க்கப்படுபவைதான். “மருந்துல போடுறதுதானே” என்று விற்பவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் மருந்து வயிற்றுக்குப் போகிறது. இது சூடேறி மூச்சுக்குப் போகிறது. எண்ணெய்ச் சட்டி கருகும்போது மூக்கைத் துளைத்துக் கண்ணில் நீர் வரவழைக்கும் நெடி ஒன்று கிளம்புமே, அது அக்ரோலின் என்ற பொருள். கிளிசரின் அதிகமாகச் சூடானாலும் அதே அக்ரோலின்தான் வருகிறது. கூடவே ஃபார்மால்டிஹைடும் உண்டாகிறது. நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கொட்டகையில் கிருமி சாக ஃபார்மலின் புகை போட்டுவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வருகிறார்களே, அந்த வாயு இதுதான். பீடிப் புகையில் இருப்பதைவிட அளவு குறைவாக இருக்கலாம். கம்பி அதிகம் சூடானால், திரி காய்ந்துபோனால், அளவு ஏறிவிடும். கம்பியிலிருந்து நிக்கல், குரோமியம், காரீயம் போன்ற உலோகங்களும் ஆவியோடு கலந்து வருவது பரிசோதனைகளில் தெரிந்திருக்கிறது.

இன்னொரு சங்கடமும் உண்டு. புரோப்பிலீன் கிளைக்காலைப் போலவே தோற்றமும் இனிப்பும் உள்ள டை எத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் ஒன்று இருக்கிறது. அது சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். 2025-ம் ஆண்டு மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா பகுதியில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் இருபது பேருக்கு மேல் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் இருந்தது இந்த விஷம்தான். அமெரிக்காவில் 2009-ல் அரசுத்துறையினர் இ-சிகரெட்டுகளைச் சோதித்தபோது ஒன்றில் இதே விஷம் இருந்தது. ‘நிக்கோடின் இல்லை’ என்று அச்சிட்டிருந்த சிலவற்றில் நிக்கோடினும் இருந்தது. லைசென்சும் ஆய்வாளரும் உள்ள மருந்துக்கே இந்தக் கதி என்றால், எங்கே யார் கலக்கினார்கள் என்றே தெரியாத பாட்டிலை எதை வைத்து நம்புவது?

வாசனைச் சரக்குக்கு வருவோம். மாம்பழம், கொய்யா, பபிள்கம், வெண்ணெய் என்று எத்தனையோ. தின்றால் தீங்கில்லாத பொருள் மூச்சில் போனாலும் தீங்கில்லை என்று நினைத்துவிடக் கூடாது. பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டிய பிறகு மூக்கில் எண்ணெய் விடாதீர்கள் என்று நர்சம்மா எத்தனை தடவை சொல்லியிருப்பார்! நல்லெண்ணெய் நல்ல பொருள்தான். நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா. அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் சோளப்பொரி ஆலையில் வேலை செய்தவர்கள் எட்டுப் பேருக்கு மூச்சுக்குழாய்கள் தழும்பேறிச் சுருங்கிப்போனது 2000-ல் தெரிய வந்தது. வெண்ணெய் வாசனைக்காகச் சேர்த்த டை அசிட்டைல் என்ற பொருளின் ஆவியை அவர்கள் சுவாசித்து வந்தார்கள். அது பல இ-சிகரெட் திரவங்களிலும் இருப்பது பிற்பாடு தெரிந்தது. 2019-ல் அதே நாட்டில் திடீரென்று நல்ல இளவயதுக்காரர்கள் மூச்சுத்திணறி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். 2020 பிப்ரவரி வரை 2,807 பேர். இறந்தவர்கள் 68 பேர். அவர்களில் பெரும்பாலோர் இழுத்தது கஞ்சாச் சத்து கலந்த கள்ளச்சரக்கு. திரவம் கெட்டியாகத் தெரிவதற்காக அதில் வைட்டமின் ஈ அசிட்டேட் என்ற எண்ணெயைக் கலந்திருந்தார்கள். தோலுக்குப் பூசும் களிம்பில் சேர்க்கிற எண்ணெய் அது.

நிக்கோடின்

இதுதான் திரவத்தின் உயிர். மற்றதெல்லாம் இதைச் சுமந்து போகும் வண்டி. புகையிலைத் தூளை ஊறவைத்து, பார் சோப்பைக் கரைத்து, அசுவினிக்குத் தெளிப்பது நம் விவசாயிகளுக்குத் தெரிந்த வைத்தியம். பூச்சியைக் கொல்வது அதிலுள்ள நிக்கோடின். நிக்கோடின் சல்பேட் என்று கடையில் விற்ற பூச்சிமருந்தை நம் நாட்டுக்குள் பயன்படுத்தக் கூடாதென்று 1992-லேயே தடை போட்டார்கள். வயலுக்கே வேண்டாம் என்று ஒதுக்கியதுதான் இப்போது புதினா வாசனையோடு சட்டைப் பையில் வருகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சிகரெட் குடித்தால் உடம்பில் ஏறுவது 1 அல்லது 2 மில்லிகிராம் நிக்கோடின். அட்டையில் 5 சதவீதம் என்று போட்டிருந்தால், ஒரு மில்லி திரவத்தில் 50 மில்லிகிராம் இருக்கிறது. பத்து மில்லி பாட்டிலில் 500. சிகரெட் எரிந்து முடிந்தால் கை தானாக நிற்கும்; இது முடிவதே தெரியாது. உட்கார்ந்தால் ஒன்று, நின்றால் ஒன்று என்று இழுத்துக்கொண்டே இருக்கலாம். பீடியை விட்டதாக நினைப்பவர் பழக்கத்தை விடவில்லை; பாத்திரத்தைத்தான் மாற்றியிருக்கிறார். பலர் இரண்டையும் சேர்த்தே இழுக்கிறார்கள்.

“இங்கிலாந்துல டாக்டருங்களே இதைச் சொல்றாங்களாமே?” என்று படித்த பையன் ஒருவன் கேட்கலாம். உண்மைதான். புகைப்பதை விட முடியாதவர்கள் அதை அறவே விட்டுவிட்டு இதற்கு மாறினால் தீங்கு குறைவு என்பது அங்குள்ள கருத்து. ஆனால் அங்கே ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் நிக்கோடின் கூடாது, பாட்டில் 10 மில்லிக்கு மேல் கூடாது, குழந்தை திறக்க முடியாத மூடி வேண்டும் என்றெல்லாம் சட்டம் இருக்கிறது. இங்கே கிடைப்பது அத்தனையும் திருட்டுச் சரக்கு.

கர்ப்பிணியும் குழந்தையும்

நிக்கோடின் இரத்தக்குழாய்களைச் சுருக்கும். நஞ்சுக்கொடி வழியாகச் சிசுவுக்குப் போகும். வளரும் மூளையையும் நுரையீரலையும் அது பாதிக்கும். தாய்ப்பாலிலும் கலக்கும். ஆகவே கர்ப்பமாக இருப்பவரும் பாலூட்டுபவரும் இதைத் தொடவே கூடாது. கணவர் இழுத்து விடும் ஆவியிலும் நிக்கோடின் இருக்கிறது. ஒரே அறையில் படுத்திருக்கும் மனைவிக்கும் தொட்டில் பிள்ளைக்கும் அது போகும். நாற்றம் இல்லை என்பதால் வெளியே போய் இழுக்க வேண்டும் என்ற எண்ணம்கூட வருவதில்லை. பீடிக்காவது திண்ணைக்குப் போவார்கள்.

எல்லாவற்றையும்விட எங்களுக்குப் பயமாக இருப்பது அந்தச் சின்னப் பாட்டில். இனிப்பு வாசனை, பழம் போட்ட படம். தவழும் குழந்தை வாயில் வைக்காமல் விடுமா? 2014 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு வயதுக் குழந்தை ஒன்று இந்தத் திரவத்தைக் குடித்து இறந்துபோனது. அதற்குப் பிறகுதான், 2016-ல், குழந்தை திறக்க முடியாத மூடி போட வேண்டும் என்று அந்த நாட்டில் சட்டம் வந்தது. குடித்தால்தான் என்றில்லை, தோலில் பட்டாலும் உடம்புக்குள் ஏறும்.

குழந்தை குடித்துவிட்டால் முதலில் எச்சில் ஊறும், வாந்தி வரும், உடம்பு வெளுத்து வியர்க்கும், கை கால் நடுங்கும். பிறகு வலிப்பு வரலாம், மூச்சு அடங்கலாம். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், சோப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தொண்டையில் விரல் விடாதீர்கள். வாயை ஈரத்துணியால் துடைத்து, குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மேலே சிந்தியிருந்தால் துணியைக் கழற்றிவிட்டுச் சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். “கொஞ்ச நேரம் பார்க்கலாம்” என்று காத்திருக்கவே வேண்டாம். பாட்டிலைக் கையோடு எடுத்துப் போங்கள். டாக்டருக்கு அது முக்கியம்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. தமிழ்நாட்டில் 2018-லேயே தடை வந்தது. 2019 செப்டம்பரில் மத்திய அரசு அவசரச் சட்டம் போட்டு, டிசம்பரில் அதைச் சட்டமாக்கியது. தயாரிப்பது, விற்பது, விளம்பரம் செய்வது எல்லாம் குற்றம். முதல் தடவை ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். சேர்த்து வைத்திருந்தாலும் ஆறு மாதம் வரை சிறையோ ஐம்பதாயிரம் வரை அபராதமோ உண்டு.

வீட்டில் இருக்கிறதென்றால், அடுப்பில் போடாதீர்கள், பாட்டரி வெடிக்கும். திரவத்தைக் கிணற்றிலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். மூடியை இறுக்கி, உறையில் போட்டுக் கட்டி, குழந்தை கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைத்துவிட்டு, என்ன செய்வதென்று சுகாதார ஆய்வாளரிடம் கேளுங்கள்.

விட நினைப்பவருக்கு முதல் பத்து நாள் கஷ்டம்தான். தூக்கம் வராது, சள்ளென்று கோபம் வரும். சோற்றில் உப்பில்லை என்று சண்டை பிடித்தாலும் அது நிக்கோடின் கேட்கிற சண்டை என்று மனைவி தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. 1800-11-2356 என்ற இலவச எண்ணுக்குப் போன் செய்தால் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கும். நேரில் போக விரும்புகிறவர்கள் சேலம், நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலோ உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேளுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்தே போவது நல்லது.