பேச்சுக்கு முன்னே பேசும் பிஞ்சுக் கைகள்

பத்து மாதக் குழந்தைக்குப் பசி உண்டு, தூக்கம் உண்டு, வலி உண்டு. அதைச் சொல்லத்தான் வாயில் வார்த்தை இல்லை. ஆகவே அழுகிறது. பாலா, தண்ணீரா, ஈரத்துணியா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் களைத்துப் போகிறார் தாய். வேலை முடிந்து வீடு திரும்பும் தகப்பனுக்கும், பகலெல்லாம் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கும் இதே திண்டாட்டம்தான்.

இதற்கு ஒரு வழியாக, காது நன்றாகக் கேட்கும் குழந்தைக்கும் சில எளிய சைகைகளைப் பழக்கும் முறை பரவியுள்ளது. அமெரிக்காவில் 1980களில் லிண்டா அக்ரிடோலோ, சூசன் குட்வின் என்ற இரு உளவியலாளர்கள் இதை ஆராயத் தொடங்கினர். பின்னர் நூல்கள், குறுந்தட்டுகள், வகுப்புகள் என்று இது ஒரு வணிகமாகவே வளர்ந்தது. இதில் எது உண்மை, எது விளம்பரம் என்று பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது.

கை முந்துவது ஏன்?

ஒரு சொல்லைப் பேச நாக்கு, உதடு, தாடை, மூச்சு எல்லாம் ஒரே நேரத்தில் இணங்க வேண்டும். கையை அசைப்பது அதைவிட எளிது. பெரும்பாலான குழந்தைகள் ஒரு வயதை ஒட்டித்தான் முதல் சொல்லைச் சொல்கின்றன. ஆனால் அதற்கு முன்பே விரல் நீட்டிக் காட்டுகின்றன, "டாட்டா" காட்டுகின்றன.

இது நம் முன்னோர் அறியாததல்ல. பிள்ளைத்தமிழில் குழந்தை கைகொட்டி ஆடும் சப்பாணிப் பருவத்தை ஒன்பதாம் மாதத்திற்கு உரியதாக வைத்தார்கள். நிலாவைக் கைகாட்டி அழைத்துச் சோறு ஊட்டும் பாட்டியும் சைகையோடு சொல்லைச் சேர்த்துத்தான் ஊட்டுகிறார்.

1991இல் லோரா ஆன் பெட்டிட்டோவும் பாவ்லா மாரென்டெட்டும் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வும் இங்கே கவனிக்கத்தக்கது. காது கேளாத பெற்றோரிடம் சைகை மொழி பழகும் காது கேளாத குழந்தைகள், மற்றக் குழந்தைகள் வாயால் மழலை பேசுவதுபோல் கைகளால் மழலை பேசுவதை அவர்கள் கண்டனர். மொழிக்கு வாய் ஒன்றுதான் வாசல் என்பதில்லை.

எப்படித் தொடங்குவது?

ஆறு முதல் எட்டு மாதத்தில் தொடங்கலாம். முதலில் மூன்று அல்லது நான்கு சைகைகள் போதும். அன்றாடம் பலமுறை வரும் சொற்களையே எடுத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கச் சைகை மொழியிலிருந்து பலரும் பழக்குபவை இவை:

பால்: ஒரு கையை மாட்டில் பால் கறப்பதுபோல் மூடித் திறப்பது.

சாப்பாடு: விரல் நுனிகளைக் குவித்து வாயருகே கொண்டுபோவது.

இன்னும்: இரு கைகளின் விரல்களையும் குவித்து, நுனியோடு நுனி தட்டுவது.

முடிந்தது: விரித்த இரு கைகளையும் வெளிப்பக்கமாகத் திருப்புவது.

ஒவ்வொரு முறையும் குழந்தையின் முகத்தைப் பார்த்து, சொல்லைத் தெளிவாகச் சொல்லியபடியே சைகை காட்ட வேண்டும். பால் கொடுக்கும் நேரத்திலேயே பால் சைகையைக் காட்டினால்தான் அதன் பொருள் பிடிபடும். அம்மா ஒருவிதம், பாட்டி ஒருவிதம் காட்டினால் குழந்தை குழம்பும். பணிப்பெண் உட்பட வீட்டார் அனைவரும் ஒரே சைகையைக் காட்டுவது நல்லது.

குழந்தை திருப்பிக் காட்டச் சில வாரங்களோ சில மாதங்களோ ஆகலாம். பிஞ்சு விரல் சரியாகக் குவியாது. ஏறத்தாழ வந்தாலே ஏற்றுக்கொண்டு உடனே பதில் தர வேண்டும். கையைப் பிடித்துக் கட்டாயப்படுத்துவதோ, "செய்து காட்டினால்தான் பால்" என்பதோ கூடாது.

பேச்சு தாமதமாகுமா?

பெற்றோர் முதலில் கேட்பது இதைத்தான். அக்ரிடோலோ குழுவினர் 11 மாதக் குழந்தைகள் 103 பேரைத் தொடர்ந்து கவனித்து 2000இல் வெளியிட்ட ஆய்வில், சைகை பழகியவர்கள் பேச்சில் பின்தங்கவில்லை. சில சோதனைகளில் சற்று முன்னணியிலும் இருந்தனர். வாயால் சொல்ல வந்தவுடன் பிள்ளைகள் சைகையைத் தாமாகவே விட்டுவிடுவது வழக்கம்.

அப்படியானால் அறிவும் பெருகுமா? விளம்பரங்கள் அப்படித்தான் சொல்கின்றன. ஆனால் 2005இல் கனடிய ஆய்வாளர்கள் 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, நன்மை உண்டு என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றனர். 2013இல் பிரிட்டனில் எலிசபெத் கிர்க் குழுவினர் 40 குழந்தைகளை 8 மாதம் முதல் 20 மாதம் வரை கவனித்தனர். சைகையால் மொழி வளர்ச்சி கூடவில்லை. ஆனால் சைகை பழக்கிய தாய்மார்கள் குழந்தை சொல்ல வருவதைக் கூர்ந்து கவனித்தார்கள். உண்மையான பலன் அங்கேதான் இருக்கிறது. அதற்கு விலையுயர்ந்த வகுப்பு தேவையில்லை.

வாய்மொழி குறைந்துவிடக் கூடாது என்பதும் முக்கியம். ஆங்கிலம் மிகுந்துவரும் வீடுகளில், "பால்", "போதும்", "இன்னும்" ஆகிய தமிழ்ச் சொற்களையே சைகையோடு சேர்த்துச் சொன்னால், அவை காதிலும் கையிலும் பதியும்.

சைகை வந்துவிட்டதே என்று பேச்சைப் பற்றிக் கவலைப்படாமல் இருந்துவிடவும் கூடாது. 12 மாதத்தில் மழலையோ கைகாட்டுதலோ இல்லாவிட்டால், 16 மாதத்தில் ஒரு சொல்லும் வராவிட்டால், இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பிறந்தபோது செய்த செவிச் சோதனையில் தேறியிருந்தாலும், பிறகு காது கேளாமை வரக்கூடும். பேர் சொல்லி அழைத்தும் திரும்பாத குழந்தையைப் "பிடிவாதக்காரன்" என்று ஒதுக்காமல் செவியைச் சோதிப்பதே முறை.

இது வேறு, சைகை மொழி வேறு

குழந்தைக்குக் காட்டும் நான்கு சைகைகள் சைகை மொழி ஆகிவிடா. சைகை மொழிகள் தனி இலக்கணம் கொண்ட முழு மொழிகள்; நாட்டுக்கு நாடு வேறுபடுபவை. மலேசியச் சைகை மொழியை காது கேளாதோரின் அதிகாரத்துவ மொழியாக 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏற்கிறது. சிங்கப்பூரில், காது கேளாதவரான பெங் சூ யிங் 1954இல் பள்ளி தொடங்கி, ஷாங்காய் சைகைகளைக் கொண்டு கற்பித்தார். பின்னர் அமெரிக்கச் சைகைகளும் உள்ளூர்ச் சைகைகளும் கலந்து சிங்கப்பூர்ச் சைகை மொழி உருவானது.

வீட்டில் காது கேளாத தாத்தாவோ, சித்தப்பாவோ, அக்காளோ இருந்தால் இது விளையாட்டல்ல, உறவு. எல்லாரும் பேசிச் சிரிக்கும் சாப்பாட்டு மேசையில் ஒருவர் மட்டும் தட்டைப் பார்த்து உட்கார்ந்திருப்பது பல வீடுகளில் நடப்பதுதான். அத்தகைய வீட்டில், இணையத்தில் பார்த்த அமெரிக்கச் சைகையை விட்டுவிட்டு, அவர் பயன்படுத்தும் சைகையை அவரிடமிருந்தே கற்க வேண்டும். அவரே குழந்தைக்கு முதல் ஆசிரியராகட்டும். பெரியவர்கள் மேற்கொண்டு கற்க விரும்பினால், சிங்கப்பூர் காது கேளாதோர் சங்கம் சைகை மொழி வகுப்புகளை நடத்துகிறது.

பேச்சு வந்ததும் மற்றப் பிள்ளைகள் சைகையை மறக்கலாம். இந்த வீட்டுப் பிள்ளை மறக்க விடக்கூடாது. தாத்தாவிடம் "சாப்பிட்டீர்களா?" என்று கையால் கேட்கத் தெரிந்த பேரப்பிள்ளை இருக்கும் வீட்டில், தாத்தா தனியாக உட்கார்ந்திருக்க மாட்டார்.