பழைய பந்தயக் கார் வாங்கலாமா?

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1990-ம் ஆண்டு முதல் மோட்டார்ப் பந்தயக் களம் இயங்கி வருகிறது. அப்பகுதி இளைஞர் சிலர், பழுதுற்ற பழைய பந்தயக் காரை வாங்கிச் செப்பனிட விழைவதில் வியப்பில்லை. மார்க்கம் இதனைத் தடுக்கிறதா? தடுக்கவில்லை, மூன்றை எண்ணிப் பார்க்கச் சொல்கிறது.

முதலாவது, பொருளின் குறை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுள் கரமிட்டு, மறைந்திருந்த ஈரத்தைக் கண்டு வணிகரைக் கண்டித்தார்கள். துருப்பிடித்த அடிச்சட்டத்தை வண்ணம் பூசி மறைப்பதும் அத்தகையதே. மறைத்த குறை பின்னர் வெளிப்படின், பொருளைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. அறிந்தே ஏற்ற குறைக்கோ அவ்வுரிமை இல்லை. ஆகவே, தேர்ந்த மெக்கானிக்கை உடன் அழைத்துச் செல்க, ஆர்.சி. புத்தகத்தையும் சேஸிஸ் எண்ணையும் ஒப்பிடுக.

இரண்டாவது, பணம். வாங்கும் விலையினும் செப்பனிடும் செலவு மிகக்கூடும். அதற்கென வட்டிக் கடன் ஆகாது. தங்கையின் திருமணத்திற்குச் சேர்த்ததையும், பிள்ளைகளின் படிப்புக்கு ஒதுக்கியதையும் தொடுவது ஆகாது. விரயமும் கஞ்சத்தனமும் இன்றி நடுநிலையில் செலவிடுவோரைத் திருமறை (25:67) போற்றுகிறது.

மூன்றாவது, நிய்யத். தொழில் கற்கவா, தெருவில் பெருமை காட்டவா? இதற்கு உள்ளமே சாட்சி.

மூன்றில் ஒன்று பிசகினும், கண்டு மகிழ்ந்து திரும்புவதே நலம். வல்ல இறைவன் நம் செல்வத்தில் பரக்கத் அருள்வானாக! ஆமீன்.